கோர்வை விட்ட இடம்

தடால் என்று ஒரு சத்தம். மேஜையின் கால் ஒன்று மடங்கியது. மேலே இருந்த கோர்ட் கட்டு, தண்ணீர்ச் சொம்பு, ஐந்து டீ கிளாஸ், வரலக்ஷ்மி டீச்சரின் மூக்குக்கண்ணாடி எல்லாம் ஒரே சரிவாகச் சரிந்து தரைக்கு வந்து சேர்ந்தன.

மேஜையைக் குத்தியவர் முனிரத்தினம். கமலாட்சியின் அண்ணன். முசரவாக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருப்பவர். பஞ்சர் ஒட்டி ஒட்டிக் காய்த்துப்போன கை. ஓங்கிய முஷ்டியை இறக்கவும் தோன்றாமல், குத்தியது மேஜையையா கட்டடத்தையா என்பதுபோல் நின்றுகொண்டிருந்தார்.

அந்தக் குத்துக்காகக் கமலாட்சி இன்றைக்கும் அண்ணனை மனசுக்குள் கும்பிடுவாள். மேஜைக்கும் சேர்த்துத்தான்.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம், ஆடி மாசம். காஞ்சிபுரத்தில், மூங்கில் மண்டபத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், பழைய வீடு ஒன்றின் முன்னறையில் அந்தக் குடும்ப ஆலோசனை மையம் இருந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வுபெற்ற வரலக்ஷ்மி டீச்சர் தினமும் சின்ன காஞ்சிபுரத்திலிருந்து டவுன் பஸ் பிடித்து வந்து, பிரிய நினைக்கும் புருஷன் பெண்டாட்டிகளைப் பேச வைப்பார். கமலாட்சியையும் கதிர்வேலையும் கோர்ட்டே அங்கே அனுப்பியிருந்தது. பேசிப் பாருங்கள், ஒத்துவரவில்லை என்றால் விவாகரத்து என்று ஜட்ஜ் சொல்லிவிட்டார். இரண்டு முறை பேச வந்தாகிவிட்டது. இரண்டு முறையும் பெரியவர்கள்தான் பேசினார்கள். அன்றைக்குக் கடைசி முறை. அன்றைக்கும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் டீச்சர் 'சமரசம் ஏற்படவில்லை' என்று எழுதி அனுப்பிவிடுவார். பன்னிரண்டு வருஷக் குடித்தனம் அதோடு முடிந்தது.

மேஜை உடைந்ததற்குக் காரணம் கதிர்வேலின் பதில் மனு. டீச்சர் அதை நிதானமாகப் படித்துக்கொண்டே வந்தார். மனுதாரர் சமைப்பதில்லை, புருஷனை மதிப்பதில்லை, மாமியாரைக் கேவலமாகப் பேசினார் என்று வக்கீல் வரிசையாக எழுதியிருந்தார். கமலாட்சி வாழ்க்கைப்பட்டு வருவதற்கு ஆறு வருஷம் முன்னாலேயே அவள் மாமியார் படமாகிச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தார். முனிரத்தினம் எழுந்தார்.

"செத்துப்போன அம்மாவ எங்க தங்கச்சி எப்பிடிப்பா கேவலமா பேசினா? ஆவியைக் கூப்பிட்டு வெச்சா?"

கதிர்வேலின் பெரியப்பா சபாபதி சளைக்கவில்லை. கமலாட்சியின் மனுவில், கல்யாணமான புதிதிலேயே கதிர்வேல் கலர் டிவி கேட்டு அடித்ததாக இருக்கிறதே, அவன் வீட்டில் கரண்ட்டே போன வருஷம்தானே வந்தது என்று கேட்டார். அப்போது விழுந்ததுதான் அந்தக் குத்து.

இரண்டு மனுவிலும் இருப்பது பொய் என்று கமலாட்சிக்குத் தெரியும். கதிர்வேல் அவளை ஒரு நாளும் கை நீட்டி அடித்ததில்லை. ஆனால் உள்ளதைச் சொன்னபோது வக்கீல் பேனாவை மூடி வைத்துவிட்டு, இதெல்லாம் ஒரு காரணமாம்மா, கோர்ட் சிரிக்கும் என்றார். அண்ணனும் அதையேதான் சொன்னார். அண்ணியும். அதனால் அவர்கள் எழுதிக்கொடுத்த காரணத்தில் அவள் கையெழுத்துப் போட்டாள்.

உள்ள காரணம் இதுதான். பிள்ளையார்பாளையத்தில் அவர்கள் வீட்டுத் தறி கோர்வைத் தறி. சேலையின் உடலுக்கு ஒரு நிறம், இரண்டு கரைக்கும் வேறு நிறம். குறுக்கே ஓடுகிற உடல் ஊடையும் கரை ஊடையும் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு திரும்ப வேண்டும். ஒற்றை ஆளால் ஆகாது. தறிக்குழியில் வலது பக்கம் கதிர்வேல், இடது பக்கம் கமலாட்சி. வலது கரைக் கோர்வை அவன் பொறுப்பு, இடது கரைக் கோர்வை அவள் பொறுப்பு. தோளோடு தோள் இடிக்க, காலையில் உட்கார்ந்தால் விளக்கு வைக்கும் வரைக்கும் அதுதான் அவர்கள் வாழ்க்கை. கதிர்வேல் ஊமை இல்லை, ஆனால் பேச்சைப் பட்டுநூல் மாதிரி சிக்கனமாக வைத்திருப்பவன். அவனுடைய பக்கத்து இடம் தன்னுடையது என்பது ஒன்றுதான் கமலாட்சிக்கு அந்த வீட்டில் உறுதியாகத் தெரிந்த விஷயம்.

மாசியில் அவளுக்கு மஞ்சள் காமாலை வந்தது. அண்ணன் வீட்டுக்குப் போய்ப் பத்தியம் இருந்தாள். தேறியதும், சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறி வந்து வாசற்படியில் நின்றாள். அவள் இடத்தில் தையல்நாயகி உட்கார்ந்திருந்தாள். கதிர்வேலின் சித்தப்பா மகள், தையல் என்று கூப்பிடுவார்கள், தங்கை முறை. அதனால் யாரும் தப்பாக நினைக்க ஒன்றுமில்லை. கமலாட்சியும் அப்படி நினைக்கவில்லை. ஆனால் அந்தப் பெண் எழுந்திருக்கவில்லை. கதிர்வேல் அவளை எழுந்திரு என்று சொல்லவில்லை. தலையைக்கூட நிமிர்த்தவில்லை. ஊடை நூலை இழுத்துக்கொண்டு நாடா போய் வந்துகொண்டேயிருந்தது.

கமலாட்சி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு வந்த வழியே திரும்பி, அடுத்த பஸ்ஸில் முசரவாக்கம் போய்விட்டாள். அவன் வரவில்லை. அண்ணன் வக்கீலைப் பிடித்தார்.

அந்த வீட்டில் தனக்கு இன்னும் இடம் இருக்கிறதா, இல்லையா? அவளுக்குத் தெரிய வேண்டியது அவ்வளவுதான். இரண்டு மனுவிலும் அந்தக் கேள்வி இல்லை.

டீச்சர் கண்ணாடியைத் தேடித் தரையைத் தடவிக்கொண்டே, முனிரத்தினத்தையும் சபாபதியையும் வெளியே போகச் சொன்னார். குரல் உயரவில்லை. நாற்பது வருஷம் வகுப்பைக் கட்டி மேய்த்த குரல். இரண்டு பெரிய மனிதர்களும் பெயில் ஆன பையன்கள்போல் எழுந்து, எதிரே இருந்த டீக்கடைக்குப் போனார்கள்.

நாற்காலிகளைச் சுற்றிலும் டீயும் கண்ணாடிச் சில்லும். மற்ற இரண்டு தடவையும் டீச்சர் புருஷனையும் பெண்டாட்டியையும் எதிரெதிரேதான் உட்கார வைத்திருந்தார். முகம் பார்த்துப் பேசினால் மனம் திறக்கும் என்று அவருக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கமலாட்சிக்கும் கதிர்வேலுக்கும் அது பழக்கமில்லாத வேலை. முகத்துக்கு நேரே பார்த்ததும் இரண்டு பேரும் திருடர்கள் மாதிரி விழித்தார்கள். அவள் காலண்டரைப் பார்த்தாள், அவன் ஃபேனைப் பார்த்தான்.

"கண்ணாடி குத்திடப் போறது. ரெண்டு பேரும் அந்த பெஞ்சுல உக்காருங்கோ. நான் இதைப் பெருக்கிட்டு வரேன்" என்றார் டீச்சர்.

சுவர் ஓரமாக ஒரு பெஞ்சு. அவ்வளவு நேரம் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தது. கமலாட்சி போய் இடது பக்கம் உட்கார்ந்தாள். கதிர்வேல் வலது பக்கம் உட்கார்ந்தான். யாரும் சொல்லவில்லை.

பெஞ்சின் மேல் சபாபதி விட்டுப்போன ஒரு பட்டுச் சேலை கிடந்தது. அரக்கு உடல், பச்சைக் கரை. அவர் அதை ஒரு சாட்சியாகக் கொண்டு வந்திருந்தார். இவள் போனதால் வேலை தெரியாத தையல்நாயகியை உட்கார வைக்க வேண்டியதாயிற்று, அந்தப் பெண் கோர்வையைத் தவறவிட்டாள், பாவு நூல் கொடுத்து நெய்ய வைக்கிற முதலாளி சேலையைத் தள்ளிவிட்டு எங்கள் தலையிலேயே கட்டிவிட்டார் என்பது அவருடைய வாதம். தையலை அதற்குப் பிறகு எந்த வீட்டுத் தறியிலும் சேர்த்துக்கொள்ளவில்லை என்பதையும் பெருமையாகச் சொல்லியிருந்தார்.

பெஞ்சிலிருந்து தரைக்குத் தொங்கிய சேலையின் ஓரத்தை நோக்கி ஒரு டீ ஓடை மெதுவாக வந்துகொண்டிருந்தது.

கமலாட்சியின் கை தானாக நீண்டு சேலையைத் தூக்கியது. அதே நேரம் மறுமுனையைக் கதிர்வேல் தூக்கிவிட்டான். பட்டில் கறை பட்டால் நெய்தவன் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அது கோர்ட்டானாலும் சரி, கல்யாண மண்டபமானாலும் சரி. இரண்டு பேரும் கறை இருக்கிறதா என்று பார்க்கச் சேலையை மடியில் விரித்தார்கள். இவள் மடியிலிருந்து அவன் மடிவரைக்கும் அது அகலமாகப் படுத்தது, தறியில் கிடப்பதுபோல. நாலு கண்ணும் துணியின் மேல் குனிந்தன.

"கறை இல்ல" என்றான் அவன்.

நான்கு மாசத்தில் அவன் அவளிடம் பேசிய முதல் வார்த்தை.

"இல்ல" என்றாள் அவள்.

பிறகு அவள் விரல், பழக்கதோஷத்தில், முந்தானைப் பகுதியான முந்தியைத் தடவிக்கொண்டு போயிற்று. முதலாளி தள்ளிய தப்பு எது என்று பார்க்க வேண்டும் என்று ஓர் ஆசை. இடது கரையை முழுக்கத் தடவினாள். ஒரு குறையும் இல்லை. தையல் சுத்தமாகத்தான் வேலை செய்திருந்தாள். விரல் குறுக்கே நகர்ந்து நகர்ந்து அவன் மடிக்குப் போயிற்று. வலது கரை. அங்கே இருந்தது. உடலும் கரையும் கோத்துக்கொள்ளாமல் விட்டுப்போய், ஓர் அரிசி நுழைகிற அளவுக்குக் கண் திறந்திருந்தது.

"தையல் இந்தப் பக்கம்தான உக்காந்துக்கினு இருந்துது?" அவள் தன் பக்கத்தைக் காட்டினாள்.

"ஆமா."

"இது உங்க பக்கம்."

கமலாட்சி முந்தி தொடங்கும் இடத்திலிருந்து அந்தக் கண் வரைக்கும் விரலை வைத்து அளந்தாள். நாலு விரற்கடை. வாசற்படியில் நின்ற அன்றைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தபோதும் நெசவுக்காரியின் கண் தன் வேலையைச் செய்திருந்தது. தறியில் அப்போது உடல் முடிந்து முந்தி ஏறியிருந்த அளவும் இதேதான். நாலு விரற்கடை.

பின்னால் துடைப்பச் சத்தம் நின்றுவிட்டது. டீச்சர் எழுந்திருக்காமல் குந்தியபடியே இருந்தார்.

"நான் வந்து நின்னது உங்களுக்குத் தெரியுமா?"

"செருப்புச் சத்தம் கேட்டுது. உன் செருப்புன்னு தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன் எழுந்துக்கல?"

"கரையில கோபுரம் பாதியில இருந்துது."

அது அவளுக்குத் தெரியாத நியாயம் இல்லை. கரையில் கோபுரம் போட ஆரம்பித்துவிட்டால் அது உச்சிக்குப் போய்ச் சேரும்வரை எழுந்திருக்கக் கூடாது. எழுந்து வந்து உட்கார்ந்தால் ஊடையை அடிக்கிற கையின் அழுத்தம் மாறிவிடும், சேலையில் வரி விழும். அந்த நியாயத்துக்காக அவள் வீட்டில் எத்தனை தடவை பால் பொங்கி வழிந்திருக்கிறது. சோறு அடிப்பிடித்திருக்கிறது. ஒருமுறை வாசலில் வந்து நின்ற சொந்த அண்ணனையே அவள் கால் மணி நேரம் காக்க வைத்திருக்கிறாள்.

கதிர்வேல் துணியைப் பார்த்துக்கொண்டே பேசினான். தறியில் இருக்கும்போது பேசுவதுபோல, பக்கத்தில் இருப்பவளுக்கு மட்டும் கேட்கிற குரலில்.

"முடிச்சுட்டு எழுந்துக்கலாம்னுதான் இருந்தேன். கை பாட்டுக்கு ஓடிக்கினு இருக்குதுன்னு நெனச்சேன். எழுந்து வந்து பாத்தா நீ இல்ல. சேலைய அறுத்து எறக்கினப்புறம்தான் இது தெரிஞ்சுது. கண்ணு இங்கதான் இருந்துது, கை வாசலுக்கு வந்துடுச்சு."

கமலாட்சி சேலையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவன் இவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதே இல்லை. பிறகுதான் அவளுக்குக் கோபம் வந்தது. நல்ல கோபம், நான்கு மாசமாக நெஞ்சில் கிடந்த புழுக்கம் மாதிரி இல்லாத, உறைக்கிற கோபம்.

"தப்பு உங்களுதுன்னு தெரிஞ்சும் அந்தப் பொண்ணு தலையில கட்டுனீங்களா?"

பெரியப்பாதான் அப்படிச் சொன்னார், தான் ஒன்றும் சொல்லவில்லை என்றான் அவன்.

"அதான் தெரியுமே. சும்மா இருக்கறதுல உங்களுக்கு மெடல் குடுக்கலாம்."

டீச்சர் இருமுவதுபோல் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். மெதுவாக எழுந்து, உடையாத ஒரு நாற்காலியை பெஞ்சுக்குப் பக்கவாட்டில் இழுத்துப் போட்டுக்கொண்டார், எதிரில் போடவில்லை. கோர்ட் கட்டை எடுத்து டீயை உதறினார்.

"சேர்ந்துதான் வாழணும்னு நான் சொல்ல மாட்டேன். அது உங்க இஷ்டம். ஆனா பிரியறதானாலும் சொந்தக் காரணத்துக்காகப் பிரியுங்கோ. இந்தக் காகிதத்துல இருக்கறது யாரோ ரெண்டு பேரோட குடித்தனம்."

அதற்குப் பிறகு டீச்சர் நிறையப் பேசவில்லை. இரண்டு பேரிடமும் மாற்றி மாற்றிக் கேட்டார். ஒருவர் சொன்னதை இன்னொருவர் திருப்பிச் சொல்ல வைத்தார். கமலாட்சி எல்லாவற்றையும் சொன்னாள். தன் இடத்தில் ஆள் உட்கார்ந்தது தப்பில்லை, வேலை நடக்க வேண்டும், முகூர்த்தச் சேலை காத்திருக்காது. ஆனால் முசரவாக்கத்துக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாம் என்றாள். சொன்னால் நீ காமாலைக் கண்ணோடு எழுந்து வந்து குழியில் இறங்கிவிடுவாய் என்றுதான் சொல்லவில்லை என்றான் அவன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, வந்திருப்பேன்தான் என்று ஒப்புக்கொண்டாள். போனவள் தானாக வருவாள் என்று வீம்பாக இருந்துவிட்டேன், வக்கீல் நோட்டீஸ் வந்ததும் வெட்கமாகிவிட்டது என்று அவனும் ஒப்புக்கொண்டான். அதைச் சொல்லும்போது அவன் காது மடல் சிவந்தது. பன்னிரண்டு வருஷமாக அவளுக்கு மிக அருகில் இருந்த காது.

நீ என்ன கேட்கிறாய் என்று டீச்சர் கடைசியாகக் கமலாட்சியைக் கேட்டார். அவள் ஜீவனாம்சம் கேட்பாள், தறியைக் கேட்பாள் என்று அவர் எதிர்பார்த்திருக்கலாம்.

"இவரு முதலாளிகிட்ட போயி தப்பு தன்னுதுன்னு சொல்லட்டும்மா. தையலுக்குத் தறி வேல திரும்பக் கெடைக்கட்டும். அதுக்கப்புறம் என் கதைய பேசலாம்."

டீச்சர் கதிர்வேலைப் பார்த்தார். ஒரு நெசவாளி தன் வாயால் தன் கைத்தப்பைச் சொல்வது லேசான காரியம் இல்லை. அடுத்த பாவு கிடைக்காமல் போனாலும் போகும். அவன் சேலையை மடித்துக்கொண்டே தலையாட்டினான். டீச்சர் கோர்ட்டுக்கு எழுதி இன்னும் பதினைந்து நாள் அவகாசம் வாங்கினார்.

வெளியே வந்தபோது டீக்கடையில் முனிரத்தினமும் சபாபதியும் ஒரே தட்டில் வடையைப் பிட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள். உள்ளே என்ன ஆயிற்று என்று இருவருக்கும் தெரியாது. ஆனால் இரண்டு வக்கீல்களும் ஒரே டைப்பிஸ்ட்டிடம் மனு அடித்திருக்கிறார்கள் என்பதைக் கண்டுபிடித்துவிட்டிருந்தார்கள். அந்த ஆத்திரம் அவர்களை ஒன்று சேர்த்திருந்தது.

கதிர்வேல் போனான். முதலாளி கடையில் நாலு பேர் எதிரில் சொல்லிவிட்டு வந்தான். இதை அவன் சொல்லி யாருக்கும் தெரியவில்லை. அடுத்த வாய்தாவுக்குத் தையல்நாயகியே வந்து, பெஞ்சில் கமலாட்சியின் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள். அண்ணி, அண்ணன் சொன்னதும் முதலாளி என் கையில் ஒரு தறி இருக்கிறது என்று என்னைக் கூப்பிட்டார், எனக்கென்று தனித் தறி அண்ணி என்றாள். அன்றைக்கு எழுந்திருக்காததற்கு மன்னிப்பும் கேட்டாள். கோபுரம் பாதியில் இருந்தது என்றாள் அவளும். கமலாட்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வழக்கு வாபஸ் ஆயிற்று. கமலாட்சி ஆவணியில் பிள்ளையார்பாளையம் திரும்பினாள். கதிர்வேல் ஒன்றும் தலைகீழாக மாறிவிடவில்லை. இப்போதும் கேட்டதற்குத்தான் பதில். ஆனால் யாராவது அவள் இடத்தில் உட்கார வேண்டியிருந்தால், தையலை இன்றைக்கு வரச் சொல்லட்டுமா என்று முதலில் அவளைக் கேட்பான். அந்த ஒரு கேள்வி அவளுக்குப் போதுமாக இருந்தது. காலையில் குழியில் இறங்கும்போதெல்லாம் சாமிக்குச் சொல்கிற நன்றியோடு டீச்சருக்கும் ஒரு நன்றி போய்க்கொண்டிருந்தது.

தை பிறந்ததும் ஒரு தாம்பாளத்தில் பழமும் பூவும் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் மையத்துக்குப் போனார்கள். முனிரத்தினமும் கூட வந்தார். மேஜையை அவரே எடுத்துப்போய் ரிப்பேர் செய்து கொடுத்திருந்தார். மூன்று கால் தேக்கு, நாலாவது கால் பழைய சைக்கிள் பைப்பு. பச்சைப் பெயின்ட் வேறு அடித்திருந்தார். டீச்சர் அதைத் தண்ணீர்ப் பானை வைக்க ஒதுக்கிவிட்டு, அறையின் நடுவே பெஞ்சை இழுத்துப் போட்டிருந்தார். இப்போதெல்லாம் வருகிறவர்களை முதலில் பக்கம் பக்கமாக உட்கார வைத்துவிடுகிறேன், எதிரெதிரே அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். நியாயமாகப் பார்த்தால் நான்தான் உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்றார். முனிரத்தினம் தன் முஷ்டியைப் பார்த்துக்கொண்டார்.

கமலாட்சி குனிந்து தாம்பாளத்தை நீட்டியபோது, டீச்சரின் கண் அவள் முந்தானையில் நின்றது. அரக்கு உடல், பச்சைக் கரை. வலது பக்கத்தில் அந்த அரிசிக் கண்.

அடடா, இவ்வளவு நல்ல சேலையில் இது எதற்கு, எங்கள் தெருப் பக்கம் ஒரு ரஃபூக்காரர் இருக்கிறார், இருந்த இடம் தெரியாமல் அடைத்துத் தருவார், கொடுத்துவிட்டுப் போ என்றார் டீச்சர்.

கமலாட்சி முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த கதிர்வேலை ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"வேணாம்மா. பன்னெண்டு வருஷத்துல அவரு மொதல்ல வாயத் தொறந்தது அந்த எடத்துலதான்."